பிழைக் காசும் பழுதுக் காசும்

காசின் மேல் தெரியும் எந்தக் குறையும் இரண்டு இடங்களில் ஒன்றில்தான் உண்டாகியிருக்க முடியும். ஒன்று, உலோகத் தகடு வில்லையாகி, வில்லை இரண்டு அச்சுகளுக்கு நடுவே அடிபட்டுக் காசாகும் நாணயச்சாலை. இன்னொன்று, சாலையை விட்டு வந்தபின் அந்தக் காசு புழங்கிய கடைத்தெரு, உண்டியல், பட்டறை, அடுப்படி. சாலைக்குள் உண்டான குறை பிழை. வெளியே உண்டானது பழுது. சேகரிப்போர் பிழைக்குத்தான் கூடுதல் விலை தருகிறார்கள். பழுதான காசுக்கு அதன் இயல்பான சேகரிப்பு விலைகூடக் கிடைப்பதில்லை. இந்த ஒரு வேறுபாட்டைச் சரியாகக் காணத் தெரியாததால் நசுங்கிய காசை அபூர்வம் என்று வாங்கி ஏமாந்தவர்களும், உண்மையான பிழைக் காசைச் செல்லாக் காசு என்று தள்ளிவிட்டவர்களும் எங்கும் உண்டு.

காஞ்சிபுரம் இந்தக் கேள்வியை வைத்துப் பார்க்கத் தகுந்த ஊர். பல்லவர் செப்புக்காசு முதல் இன்றைய பத்து ரூபாய் வரை இங்கே புழங்கியிருக்கிறது. காமாட்சியம்மன், ஏகாம்பரநாதர், வரதராசப் பெருமாள் கோயில்களின் உண்டியலில் விழும் காசில் மஞ்சளும் குங்குமமும் எண்ணெயும் ஏறுகின்றன. நகைப்பட்டறையும் சரிகைத் தொழிலும் தங்கள் அடையாளத்தைக் காசில் விட்டுச்செல்கின்றன. நெசவாளருக்குப் பிழைக்கும் பழுதுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தறியில் ஊடை இழை ஒன்று தப்பினால் அந்தக் குறை நெசவின் ஒழுங்குக்குள் அடங்கிக் கரையிலிருந்து கரைக்கு நேராக ஓடும். வீட்டுக்கு வந்த புடவை ஆணியில் மாட்டிக் கிழிந்தால், கிழிசல் போன போக்கில் போகும். காசிலும் கேட்க வேண்டியது இதுதான்: இந்தக் குறை, காசு செய்யப்படும் முறைக்குள் அடங்குகிறதா?

காசு உருவாகும் வரிசை

ஆகவே செய்முறை தெரியாமல் பிழையைத் தேட முடியாது. உருட்டித் தட்டையாக்கிய உலோகச் சுருளிலிருந்து வட்ட வில்லைகள் வெட்டப்படுகின்றன. வெட்டியதில் இறுகிய உலோகத்தை உலையில் காய்ச்சி இளக்குகிறார்கள். பிறகு கழுவி மெருகேற்றி, ஓரத்தை அழுத்தி விளிம்பை மேலே எழுப்புகிறார்கள். கடைசியாக வில்லை ஒரு எஃகு வளையத்துக்குள் உட்கார, மேலச்சும் கீழச்சும் ஒரே அடியில் இரண்டு முகங்களையும் பதிக்கின்றன. அந்த அடியில் உலோகம் குழம்புபோல நகர்ந்து அச்சின் பள்ளங்களுக்குள் ஏறுகிறது. வளையம் அதை வெளியே பரவவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஓரத்தில் வரிப்பள்ளம் உள்ள காசுக்கு அந்த வரிகளும் வளையத்திலிருந்தே பதிகின்றன.

இதிலிருந்து கிடைக்கும் முதல் விதி மிக எளியது, மிகவும் பயன்படுவதும் அதுவே. அச்சில் பள்ளமாக இருப்பது காசில் மேடாக வரும். அச்சில் ஒரு கீறல் விழுந்தால் காசில் அது மெல்லிய மேட்டுக்கோடாகத் தெரியும். காசின் மேலேயே கீறல் விழுந்தால் அது பள்ளக்கோடாக இருக்கும். காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாவின் நூற்றாண்டுக்காக 2009-இல் வெளியான ஐந்து ரூபாய்க் காசு இதைக் கண்ணால் கற்க நல்ல பாடம். அவர் உருவத்தோடு அவரது தமிழ்க் கையெழுத்தும் அதில் இருக்கிறது. காசைச் சாய்த்து ஒரு பக்க வெளிச்சத்தில் பிடித்தால், கையெழுத்தின் கோடுகள் தரையிலிருந்து எழுந்து நிற்பதும், ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பக்கம் நிழல் விழுவதும் தெரியும். அதே காசில் சாவியோ ஆணியோ உரசிய கோடு இருந்தால் அதன் நிழல் எதிர்ப்பக்கம் விழும். பள்ளத்தின் இரு கரையிலும் உலோகம் மெல்லிய வரப்பாக ஒதுங்கியிருக்கும். விரல்நகம் பிந்தைய கீறலில் சிக்கும். எழுத்தின் மேல் ஏறிக் குறுக்கே போகும் பள்ளக்கோடு எதுவும் சாலையில் விழுந்த பிழை அல்ல என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லலாம்.

வில்லையில் நேரும் பிழைகள்

சுருளிலிருந்து வில்லை வெட்டும்போது சுருள் சரியாக நகராவிட்டால், முன்பு வெட்டிய ஓட்டையின் மேலேயே வெட்டுக்கருவி பாதி இறங்கும். கிடைக்கும் வில்லையின் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு துண்டு குறையும். சுருளின் முனையில் வெட்டு விழுந்தால் குறை நேர்கோடாக இருக்கும். இதைச் சேகரிப்போர் 'கிளிப்' என்கிறார்கள். வெட்டுக்கத்தரியும் அரமும் வைத்து வீட்டிலேயே செய்யக்கூடியது என்பதால் போலி அதிகம் நடமாடும் வகையும் இதுதான்.

உண்மையான கிளிப் காசில் குறை இருக்கும் இடத்தைவிட அதற்கு நேர் எதிர் ஓரத்தைப் பார்க்க வேண்டும். விளிம்பை எழுப்பும் எந்திரம் வில்லையை இரு பக்கமும் அழுத்தித்தான் வேலை செய்கிறது. ஒரு பக்கம் துண்டு இல்லாதபோது எதிர்ப்பக்கத்தில் அழுத்தம் ஏறாது. அங்கே விளிம்பு மங்கி, சில சமயம் மறைந்தே இருக்கும். நாணயவியலில் இதற்குப் பிளேக்ஸ்லி விளைவு என்று பெயர். இரண்டாவது சான்று எழுத்துகளில் இருக்கிறது. வெட்டுப்பட்ட ஓரத்தை ஒட்டிய எழுத்துகள் அடி விழும்போது வெற்றிடத்தை நோக்கி உலோகம் வழிந்ததால் சற்றே இழுபட்டு மெலிந்து முடியும். பிந்தைய வெட்டில் எழுத்து முழு உயரத்தோடு வந்து கத்தியால் அறுத்ததுபோலத் திடீரென நிற்கும். வெட்டுமுகத்தில் அரத்தின் வரிகள் உருப்பெருக்கியில் தெளிவாகத் தெரியும். விளிம்பு மங்கல் எல்லா உண்மைக் கிளிப்பிலும் பளிச்சென்று தெரியாது. ஆனால் எழுத்தும் இழுபடாமல், எதிர்விளிம்பும் கெடாமல் இருந்தால் அந்தக் காசுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தரக்கூடாது.

வில்லை மாறிப்போவதும் உண்டு. ஒரு மதிப்புக்கு வெட்டிய வில்லை வேறு மதிப்பின் அச்சுக்குள் புகுந்துவிடுவது அது. இங்கே கண்ணைவிடத் தராசும் காந்தமும் நம்பகமானவை. 1992 முதல் வந்த துருப்பிடிக்காத எஃகு ஒரு ரூபாய் 25 மில்லிமீட்டர் விட்டமும் 4.85 கிராம் எடையும் உள்ளது, காந்தத்தில் ஒட்டும். அதே காலத்துப் பதினொரு பக்க இரண்டு ரூபாய் செம்பு–நிக்கல் கலவை, எடை 6 கிராம், காந்தத்தில் ஒட்டாது. பழைய கனத்த ஐந்து ரூபாய் 9 கிராம். ஒரு காசின் நிறம் மட்டும் மாறி எடையும் காந்தக் குணமும் அப்படியே இருந்தால், மாறியது வில்லை அல்ல, மேற்பூச்சு.

மேற்பூச்சைக் காஞ்சியில் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. சரிகை தெரிந்த ஊரில் முலாம் பூசுவது அரிய வித்தை அல்ல. பூசைக்கோ பரிசுக்கோ தங்கமுலாம் ஏற்றிய ரூபாய்க் காசு கைமாறிக் கைமாறி ஒருநாள் 'பொன்னிற ஒரு ரூபாய், அச்சுப்பிழை' என்று விலைபேசப்படும். முலாம் எழுத்தின் அடிப்பள்ளங்களில் தங்கியிருக்கும். சிங்கத்தின் மூக்கு, எண்ணின் உச்சி, விளிம்பு ஆகிய உரசும் இடங்களில் தேய்ந்து உள்ளே வெள்ளையாகத் தெரியும். உண்மையில் வேறு உலோகத்தில் அடித்த காசு தேய்ந்த இடத்திலும் அதே நிறத்தில்தான் இருக்கும். கற்பூரத் தட்டிலோ விளக்குச் சுடரிலோ காய்ந்த எஃகுக் காசு வைக்கோல் நிறமும் ஊதாவும் நீலமும் காட்டுவதும் இதே வகைதான். அது வெப்பம் ஏற்றிய நிறம். சாலைக்கு அதில் பங்கில்லை.

அச்சில் நேரும் பிழைகள்

அச்சு எஃகுதான், ஆனாலும் லட்சக்கணக்கான அடிகளுக்குப் பின் களைத்துப் போகிறது. முதலில் மயிர் விரிசல் விடும். காசில் அது வளைந்து நெளிந்த மேட்டுக்கோடாக எழுத்துகளை இணைத்துக்கொண்டு ஓடும். விரிசல் முற்றி ஓரத்தில் ஒரு துண்டே பெயர்ந்து விழுந்தால், அந்த இடத்தில் எழுத்தோ உருவமோ இல்லாமல் விளிம்போடு ஒட்டிய உலோகத் திட்டு நிற்கும். சேகரிப்பில் இதற்குக் 'கட்' என்று பெயர். உலோகம் அந்தப் பள்ளத்துக்குள் அதிகமாக ஏறிவிடுவதால் மறுபக்கத்தில் அதே இடத்துக்கு நேரே எழுத்து மங்கியிருக்கும்.

இந்தத் திட்டோடு குழப்பிக்கொள்ளப்படுவது பற்றவைத்த தடம். காசுமாலையில் கோத்த சவரனிலும் ரூபாயிலும் தலைக்கு மேலே ஒரு கொக்கியைப் பொடிவைத்து ஊதி ஒட்டியிருப்பார்கள். மாலையைப் பிரித்தபின் கொக்கியை அறுத்து மெருகிட்டாலும் பொடியின் எச்சம் சிறு குமிழாக நிற்கும். அது காசின் நிறத்திலிருந்து சற்று வேறுபடும். எழுத்தின் மேல் வழிந்து உட்கார்ந்திருக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் அதன் ஓரம் உருண்டு, கீழே எழுத்து தொடர்வது தெரியும். மறுபக்கம் மங்கல் இருக்காது. பழைய தங்கக் காசு வாங்குவோர் தலையுச்சிக்கு நேரான விளிம்பை முதலில் பார்ப்பது இதற்காகத்தான். தமிழ்நாட்டில் கிடைக்கும் பழைய தங்கக் காசுகளில் நகைவேலையின் தடம் அவ்வளவு சாதாரணம்.

அச்சின் எழுத்துக்குழிக்குள் எண்ணெயும் உலோகத்தூசும் அடைத்துக்கொண்டால் அந்த எழுத்து காசில் வராது, அல்லது பாதி வரும். இது சாலைப் பிழையே என்றாலும் மிகச் சாதாரணமானது. விலை அதிகம் ஏறாது. ஆண்டின் ஓர் இலக்கம் காணாமல் போன காசை அபூர்வம் என்பவர்கள் அந்த இடத்தின் தரையைப் பார்க்க வேண்டும். அடைப்பால் மறைந்த எழுத்தின் இடம் சுற்றுத்தரையோடு சமமாக, அதே மினுக்கத்தோடு இருக்கும். எழுத்தின் நிழல் போன்ற மெல்லிய சாயல்கூடத் தெரியலாம். சுரண்டி எடுத்த எழுத்தின் இடம் குழிந்து, ஒரே திசையில் நுண்கீறல்களோடு இருக்கும்.

இரட்டை எழுத்து விஷயத்தில்தான் அனுபவசாலிகளும் தடுமாறுகிறார்கள். அச்சு தயாரிக்கும்போதே உருவம் இருமுறை சற்று விலகிப் பதிந்திருந்தால், அந்த அச்சில் அடித்த எல்லாக் காசிலும் எழுத்து இரட்டையாக வரும். இரண்டு எழுத்தும் உருண்டு முழு உயரத்தில் இருக்கும், முனைகளில் பிளவு தெரியும், எழுத்து அகலமாகும். இதுவே மதிப்புள்ள 'டபுள்ட் டை'. அச்சு எந்திரத்தில் தளர்ந்திருந்து, அடித்து விலகும்போது லேசாக வழுக்கினால் வேறு மாதிரி இரட்டை வரும். அது எழுத்தின் ஒரு பக்கத்தைத் தட்டி, தாழ்ந்த படிக்கட்டுபோலத் தட்டையாக்கிவிடும். எழுத்தின் மேற்பகுதி மெலியும். இதற்கு எந்திர இரட்டை என்று பெயர். சேகரிப்பு மதிப்பு ஏறக்குறைய இல்லை. சந்தையில் இரட்டை எழுத்து என்று காட்டப்படுவதில் மிகுதியும் இந்த இரண்டாம் வகையே.

அச்சுகள் ஒன்றுக்கொன்று திரும்பி நின்றாலும் பிழை. இந்தியக் குடியரசுக் காசுகளை மேலும் கீழும் இரு விரலால் பிடித்து இடவலமாகத் திருப்பினால், தலை நேராக இருக்கும்போது பூவும் நேராகவே வர வேண்டும். பூ சாய்ந்தோ தலைகீழாகவோ வந்தால் அச்சுத் திருப்பப் பிழை. எந்தக் கருவியும் தேவையில்லாத சோதனை இது. வெளியே யாரும் செயற்கையாக எளிதில் உண்டாக்க முடியாத பிழையும் இதுதான். தொடங்குகிறவர்கள் இதிலிருந்து தேடத் தொடங்கலாம்.

இரண்டு பக்கமும் தலை அல்லது இரண்டு பக்கமும் பூ உள்ள காசுகளை எடுத்த எடுப்பிலேயே சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு காசின் உட்பகுதியைக் குடைந்தெடுத்து, இன்னொன்றைச் சீவி அதற்குள் செருகிய வித்தைக்காரர் காசுகளே அவை. விளிம்பின் உட்புறத்தில் வட்டமாக ஒரு மயிரிழைப் பொருத்து தெரியும். கல்லில் போட்டால் ஓசை மந்தமாக வரும்.

அடியில் நேரும் பிழைகள்

வில்லை வளையத்துக்குள் சரியாக உட்காராமல் பாதி வெளியே நின்றபோது அடி விழுந்தால், உருவம் ஒரு பக்கம் ஒதுங்கி மறுபக்கம் வெறும் உலோகம் பிறைபோல நிற்கும். ஆண்டு எண்ணும் சேர்ந்து தெரியும் இத்தகைய காசுக்கு நல்ல மதிப்பு உண்டு. வளையம் கீழிறங்கி நின்றுவிட்டால் உலோகம் தடையின்றிப் பரவி, காசு இயல்பைவிட அகலமாகவும் விளிம்பில்லாமலும் வரும்.

அகன்ற காசு என்று காட்டப்படும் பலவும் தண்டவாளத்தில் வைத்து நசுக்கியவை, அல்லது சுத்தியலால் தட்டியவை. வளையமில்லாத அடியில் உருவமும் எழுத்தும் நடுவில் தம் வடிவம் கெடாமல் இருக்கும். பரவியது ஓரம் மட்டும். நசுக்கியதில் எழுத்தே தட்டையாகி, ஒரே திசையில் நீண்டு, சிங்கமுகம் இழுத்துவிட்டதுபோல் ஆகிவிடும். ஐந்து பைசா, பத்து பைசா, இருபது பைசா அலுமினியக் காசுகள் பற்களால் வளைக்கக்கூடிய அளவுக்கு மென்மையானவை என்பதால் இவற்றில் நசுங்கல், வளைவு, பல்தடம் எதையும் பிழையாகக் கொள்வதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும்.

அடித்த காசு ஒன்று அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த வில்லையின் மேல் அச்சாக வேலைசெய்தால், புதிய காசின் ஒரு பக்கத்தில் முறையான உருவமும் மறுபக்கத்தில் அதே உருவம் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிப் பள்ளமாகவும் விழும். 'பிராக்கேஜ்' எனப்படும் இது பிழைகளில் அழகானது, விலையுயர்ந்தது. இதைப் போலவே தோன்றுவது, இரண்டு காசை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இடுக்கியில் நெரித்தது. அதிலும் எழுத்து திரும்பிப் பள்ளமாகவே விழும். வேறுபாடு அடியில் கிடப்பதில் இருக்கிறது. உண்மையான முழுப் பிராக்கேஜில் அந்தப் பக்கத்தின் சொந்த உருவம் இருக்காது. இடுக்கியில் நெரித்ததில் காசின் முறையான சிங்கமும் எழுத்தும் கீழே முழுதாக இருக்க, அவற்றின் மேல் இன்னொரு காசின் திரும்பிய எழுத்துகள் குறுக்கே அழுந்தியிருக்கும். மறுபக்கத்தில் மேடான இடங்களெல்லாம் தட்டையாகியிருக்கும். திரும்பாமல் மேடாகவே இரண்டாம் உருவம் ஏறியிருந்தால் அது சாலையில் விழுந்த இரட்டை அடியாக இருக்க வாய்ப்புண்டு. அதை எடுத்துவைத்து அனுபவசாலியிடம் காட்ட வேண்டும்.

பத்து ரூபாய்க் காசு வளையமும் நடுவில்லையும் சேர்ந்த ஈருலோகக் காசு என்பதால் அதற்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. நடுவில்லை இல்லாத வெறும் வளையம் அவ்வப்போது உண்டியல் எண்ணும் இடத்திலும் கிடைக்கும். நடுவில்லை இல்லாமலே அடி விழுந்திருந்தால் வளையத்தின் உலோகம் துளைக்குள் பிதுங்கி, உள்விளிம்பு ஒழுங்கற்று இருக்கும். பின்னர் தட்டி எடுத்ததென்றால் துளை சுத்தமான வட்டமாக, உள்சுவர் நேராக, இரண்டையும் பிணைத்த தடம் அப்படியே தெரிய நிற்கும். கிடைப்பவற்றில் பின்னதே மிகுதி.

பிழையும் அல்ல, பழுதும் அல்ல

விசித்திரமாகத் தோன்றும் எல்லாவற்றையும் இந்த இரண்டு பெட்டிக்குள் அடைக்க முடியாது. ஆண்டுக்குக் கீழே வைரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், சிறு வட்டப்புள்ளி இருந்தால் நொய்டா. எந்தக் குறியும் இல்லாவிட்டால் கொல்கத்தா. குறியில்லாத காசைக் குறி விடுபட்ட பிழை என்று விற்பது அறியாமை, அல்லது ஏமாற்று. பத்து ரூபாயில் கதிர்களின் எண்ணிக்கை காசுக்குக் காசு வேறுபடுவதும் அப்படித்தான். அந்த வேறுபாட்டைக் காட்டிக் கடைக்காரர்கள் காசை வாங்க மறுத்த காலத்தில், 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த ஐந்து, பத்து ரூபாய்க் காசுகளும் முறையாக வெளியான நினைவுக் காசுகளே.

விக்டோரியாவின் வெள்ளி ரூபாயில் 1862 என்ற ஆண்டே பல ஆண்டுகளுக்கு மாறாமல் தொடர்ந்தது. அவற்றில் காணும் சிறு புள்ளிகள் வேண்டுமென்றே வைத்த அடையாளங்கள். அடிபட்ட தழும்புகள் அல்ல. ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாயில் மன்னரின் அங்கியில் பொறித்த யானை பன்றிபோல் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்து, காசு திரும்பப் பெறப்பட்டு, 1912-இல் துதிக்கை தெளிவாகத் தெரியும்படி மாற்றப்பட்டது. இது வரைந்தவரின் குறை. அடித்த சாலை தன் வேலையைச் சரியாகவே செய்தது.

ஓட்டைக் காலணாவைச் சொல்லாமல் இந்தப் பகுதி முடியாது. போர்க்காலத்தில் செம்பை மிச்சப்படுத்த 1943 முதல் 1947 வரை நடுவே துளையுடன் அடித்த காலணா அது. துளையைச் சுற்றி வடிவமே வட்டமாக அமைந்திருக்கும். துளை நடுவை விட்டு விலகியிருந்தாலோ துளையே விழாமல் போயிருந்தாலோ அது சாலைப் பிழை, தேடி வாங்கப்படுவது. அதே காலத்து வேறு காசில் கயிறு கோக்கப் போட்ட துளை பழுது. குழந்தையின் அரைஞாணிலும் தொட்டிலிலும் கட்ட ஆணியால் அடித்த துளையில் ஒரு பக்கம் உலோகம் குழிந்து மறுபக்கம் உதடுபோலப் பிதுங்கியிருக்கும். துரப்பணத்தில் போட்டதென்றால் உட்சுவரில் சுருள்வரி தெரியும்.

கோயில் வாசல்களில் பழங்காசு என்று விற்கப்படும் ராமர் பட்டாபிஷேக, அனுமன் வில்லைகளில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1616, 1717, 1818 போன்ற ஆண்டுகளும் இருக்கும். கம்பெனி இப்படி எந்தக் காசையும் வெளியிடவில்லை. இவை பிற்காலத்துப் பூசை வில்லைகள். வழிபாட்டுப் பொருளாக வைத்துக்கொள்ளலாம், காசாக விலைபேசக் கூடாது.

கையால் அடித்த காலம்

பிழை என்ற எண்ணமே எந்திரத்தோடு வந்தது. பல்லவர் காசை எடுத்துக்கொண்டால், காளை ஒரு பக்கமும் கப்பல், சக்கரம், சங்கு போன்ற சின்னங்களில் ஒன்று மறுபக்கமும் உள்ள அந்தச் சிறு வில்லைகளில் சின்னம் நடுவே முழுதாக விழுந்திருப்பதே அரிது. வில்லை கையால் செய்தது; அச்சைக் கையில் பிடித்துச் சுத்தியலால் அடித்தார்கள்; பிடித்து நிறுத்த வளையம் இல்லை. சோழர் செப்புக்காசில் நிற்கும் உருவத்தின் தலையோ, மறுபக்கத்து எழுத்தின் ஓர் எழுத்தோ வில்லைக்கு வெளியே போயிருப்பதும் அப்படியே. ஆற்காட்டு ரூபாயில் அச்சே வில்லையைவிடப் பெரியது. பாரசீக வாசகத்தின் ஒரு பகுதிதான் எந்தக் காசிலும் விழும். இவற்றை நடு விலகிய பிழைக் காசு என்று கூடுதல் விலைக்கு விற்பது தவறு. உருவமும் எழுத்தும் எவ்வளவு நிறைவாக விழுந்திருக்கின்றனவோ அவ்வளவுக்கு மதிப்பு ஏறும் என்பதே இங்குள்ள கணக்கு. ஆனாலும் கையால் அடித்த காசிலும் பிழை உண்டு. முந்தைய காசு அச்சில் ஒட்டி உருவம் திரும்பி விழுந்ததும், ஒரே வில்லையில் இருமுறை அடி விழுந்ததும் பழங்காசுகளிலும் காணப்படுகின்றன.

பழங்காசில் விழுந்த வெட்டுகள் வேறு கதை சொல்கின்றன. காசு மாற்றும் சராப்புகள் வெள்ளியின் தரம் பார்க்க ஓரத்தில் உளி வைத்தார்கள். தங்கள் முத்திரையைக் குத்தினார்கள். புதுக்கோட்டைப் பகுதியில் 1898-இல் கிடைத்த 501 உரோமத் தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளிவெட்டு விழுந்திருக்கிறது. அந்தக் காசு மீண்டும் நாணயமாகப் புழங்கக்கூடாது, தங்கமாகவே எடைபோடப்பட வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே செய்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. சேகரிப்புத் தரத்தில் இது பழுதுதான். வரலாற்றுக்கோ அந்த வெட்டு, முகத்தைவிட மதிப்புள்ள சான்று.

சென்னையில் எந்திரம் வந்த தொடக்க ஆண்டுகள் இன்னும் குழப்பமானவை. கம்பெனியின் சென்னை நாணயச்சாலை 1807-இல் புதுப்பிக்கப்பட்டபின் வெளியான அரைப்பகோடாவின் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் தாமரையிலிருந்து எழும் திருமால். இவற்றில் பலவும் ஸ்பானிய வெள்ளி டாலரின் மேலேயே நேராக அடிக்கப்பட்டவை. கோபுரத்தின் அடுக்குகளுக்கு ஊடே ஸ்பானிய எழுத்தின் கால்களும் பழைய ஓரவேலைப்பாடும் தெரிந்தால் அது இரட்டை அடிப் பிழை அல்ல. வெள்ளியை உருக்கும் செலவை மிச்சப்படுத்திய முறை. கீழிருக்கும் எழுத்து வேறு நாட்டுக் காசின் எழுத்து என்று அடையாளம் கண்டுவிட்டால் குழப்பம் தீரும்.

இங்கிலாந்தின் சோகோ சாலையில் நீராவி எந்திரத்தில் அடித்துச் சென்னைக்கு அனுப்பிய 1808-ஆம் ஆண்டுச் செப்புக்காசுகளும் ஒரு பாடம். 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் அந்தக் காசுகளோடு 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே மூழ்கியது. 1980-களில் ஏராளமான காசுகள் எடுக்கப்பட்டன. சில நேற்று அடித்ததுபோல் இருக்கின்றன. சில கடல்நீரில் அரித்துப் புள்ளிபுள்ளியாகக் குழிந்திருக்கின்றன. அரிப்புக் குழி ஒழுங்கற்றது, அடிப்பரப்பு சொரசொரப்பானது. உலோகத்தில் கலந்த அழுக்கால் வில்லையின் மேல்தோல் உரிந்த பிழையோ தகடுபோல் அடுக்காக, ஓரம் கூர்மையாக, உருட்டிய திசையில் நீளமாகப் போகும். கோயில் குளத்தில் எறிந்து பல ஆண்டு சேற்றில் கிடந்த காசை ஆராயும்போதும் இதே அடையாளம் உதவும்.

சோதிக்கும் முறை

பத்து மடங்கு உருப்பெருக்கி, நூறில் ஒரு கிராம் காட்டும் தராசு, அளவுகோல், காந்தம், பக்கவாட்டில் ஒரு விளக்கு போதும். இவற்றைவிட அவசியமானது, அதே ஆண்டு, அதே சாலையின் நல்ல காசு ஒன்று பக்கத்தில் இருப்பது. முதலில் எடை பார்க்க வேண்டும். அமிலத்தில் போட்டு மெலியவைத்த காசு எடை குறைந்து, எழுத்தெல்லாம் ஒரே சீராகக் கரைந்து, தோல் மணல்போல் இருக்கும். மெல்லிய வில்லையில் அடித்த உண்மைப் பிழையில் மேடான இடங்கள் மட்டும் நிறையாமல் மற்றவை கூர்மையாகவே நிற்கும். பிறகு விளிம்பையும், குறைக்கு நேரான மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சாலையில் ஒரே அடி இரண்டு முகத்தையும் உண்டாக்குவதால் ஒரு பக்கத்தில் நேர்ந்த பெரிய குறையின் விளைவு பெரும்பாலும் மறுபக்கத்திலும் இருந்தாக வேண்டும். மறுபக்கம் எதுவுமே நடக்காததுபோல் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

இத்தனை சோதனையையும் பயனற்றதாக்குவது வீட்டுச் சுத்தம். செம்புக் குடத்தைத் துலக்கும் புளியால் செப்புக்காசையும் தேய்த்தால், நூறாண்டு ஏறிய பழுப்பு ஒரு நிமிடத்தில் போய் இளஞ்சிவப்பாகிவிடும். வெள்ளிக்காசைத் திருநீற்றால் தேய்ப்பதும் நுண்கீறல் விடுவதே. தோல் போன காசில் குறை எப்போது உண்டானது என்று சொல்லும் சான்றும் போய்விடுகிறது. கீறலுக்குள்ளும் வெளியேயும் ஒரே பாசி படிந்திருந்தால் அது பழைய கீறல், உள்ளே மட்டும் பளபளத்தால் அண்மையது என்று பிரித்துக்காட்டுவது அந்தத் தோல்தான்.

விலையுயர்ந்த பிழைக்கு, அமெரிக்காவின் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரச்சான்று நிறுவனங்கள் சோதித்துப் பேழையிட்டுச் சான்று தருகின்றன. பழுதென்று கண்டால் அதையும் எழுதிவிடுகின்றன. சான்றுச் செலவைவிடக் குறைந்த மதிப்புள்ள சின்ன விரிசலுக்கும் அடைப்புக்கும் அது தேவையில்லை. பழைய காசை லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர்களைப் பற்றி ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் பொதுமக்களை எச்சரித்தது. அப்படிப்பட்ட கொடுக்கல் வாங்கலில் தனக்குத் தொடர்பில்லை என்றும், எந்தக் கட்டணமும் தான் கேட்பதில்லை என்றும் அது தெளிவாக்கியிருக்கிறது. காசை வேண்டுமென்றே உருக்குவதும் அழிப்பதும் 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி குற்றம்.

அஸ்திவாரம் தோண்டும்போதோ வயலிலோ குவியலாகக் கிடைக்கும் பழங்காசு கண்டெடுத்தவரின் சொத்தாகிவிடாது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டிலிருந்து சட்டம். காளையோ கப்பலோ பொறித்த காசு காஞ்சி மண்ணில் இன்னொரு முறை கிடைத்தால், அதைப் புளியில் போடாமல், ஒட்டிய மண்ணோடு, கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு ஒப்படைக்க வேண்டும்.